பொட்டலும் காம்பராவும்



பதுளையில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், கேளிக்கை எப்படி ஒரு நகரத்தின் வாழ்வை உருவாக்குகிறது என்று என்னைப் பேசக் கேட்டார்கள். கரிபியன் கடற்பகுதியிலுள்ள டிரினிடாட் தீவின் போர்ட் ஒப் ஸ்பெயின் நகரத்துக் கார்னிவல் திருவிழாவை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அந்த நகரத்துக்கு நான் வருவேன். அந்தக் கடலோரத்தில் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேச்சைப் பூனாகலையில்தான் தொடங்க வேண்டும். நான் அங்கே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். என் அப்பா தப்பு என்ற பறையை அடித்தவர்.

பூனாகலையை யாரும் நகரம் என்று சொல்லமாட்டார்கள். பண்டாரவளையிலிருந்து பஸ் தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும். முதுகுப் பக்கம் தம்பேதன்னையும் லிப்டன் சீட்டும் இருக்க, முன்பக்கம் மலை சரிந்து கொஸ்லந்தைக்கும் தியலும நீர்வீழ்ச்சிக்கும் இறங்கிப் போகும். பனி விலகிய நாளில் கீழே வெல்லவாயச் சமவெளி பாய் விரித்தாற்போலத் தெரியும். அவ்வளவு பெரிய வெளியைப் பார்த்துக்கொண்டே பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறையில், எங்கள் பேச்சில் காம்பராவில், குடியிருந்தோம்.

நகரம் என்பது என்ன? கட்டடமும் கடைத்தெருவும் இருந்தால் நகரமாகிவிடாது. உறவில்லாதவர்களும் ஒரே இடத்தில் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஆமாம், நாமெல்லாம் ஒரு ஊர் என்று உணர ஓரிடம் வேண்டும். சந்தையும் திடலும் தேர் வீதியும் படமாளிகையும் அதற்குத்தான். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் திட்டம் போட்டுக் கட்டினான். லயம் இருந்தது, இஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலை இருந்தது, பிள்ளைக்காம்பரா இருந்தது, துரை பங்களா இருந்தது, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் இருந்தது. மேட்டு லயத்துக்காரரும் பணிய லயத்துக்காரரும் தங்கள் விருப்பத்துக்குக் கூடுவதற்கு மட்டும் ஓரிடம் இல்லை. பிரட்டுக்களத்தில் கூடினோம், உத்தரவுக்காக. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு. அந்தத் திட்டத்துக்குள் எங்கள் முன்னோர் தாங்களாகப் பிடித்துக்கொண்ட ஒரு துண்டு நிலம்தான், காமன் கூத்து ஆடிய காமன் பொட்டல். மாசி மாதத்தில் பதினைந்து நாள், அந்தப் பொட்டல் எங்களுக்கு நகரமாக இருந்தது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

தப்பிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாத்தா பிரட்டுத் தப்பு அடித்தவர். விடிவதற்கு முன், இருட்டிலும் பனியிலும் நின்று அவர் அடிக்கும் அடியில்தான் லயம் எழுந்திருக்கும். அடுப்பு மூட்டுவதும் ரொட்டி தட்டுவதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். அதே தப்புத்தான் இராத்திரியில் காமனுக்கு முழங்கியது. காலையில் துரைக்காகப் பேசிய தோல், இரவில் எங்களுக்காகப் பேசியது. ஒரே கருவி, ஒரே கை, அடி மட்டும் வேறு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்பா தப்புக் காய்ச்சுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கவ்வாத்து மலையிலிருந்து அம்மா தலையில் சுமந்து வந்த மிலாறு விறகை அடுக்கி நெருப்புப் போடுவார். எங்கள் மலையில் பனி ஈரம் தோலுக்குள் இறங்கிவிடும். முதலில் தட்டும்போது பொத்தென்று, சளி பிடித்தவர் பேசுகிற மாதிரி ஒலிக்கும். நெருப்புக்கு நேரே பிடித்து, முழங்கையை மடக்கி, மெல்ல மெல்லச் சுழற்றுவார். அவ்வப்போது விரல் நுனியால் ஒரு தட்டு. ஒலி ஒவ்வொரு படியாக ஏறும். கணீர் என்று வந்ததும் தலையை ஒரு தடவை ஆட்டுவார். அதற்குமேல் ஒரு நொடி வைத்தாலும் தோல் கருகிவிடும். இடது கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிகுச்சி. அரை மணி நேரம் அடித்தால் பனி மறுபடியும் தோலை இளக்கிவிடும், மறுபடியும் நெருப்புக்கு வரவேண்டும். ஆகவே ஆட்டம் நடக்கும் இடத்தில் எப்போதும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்த நெருப்பைச் சுற்றித்தான் வயசானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பழைய வழக்குகள் பேசித் தீரும், சம்பந்தம் முடிவாகும்.

காமன் கதை உங்களுக்குத் தெரியும். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு, போகாதே என்று தடுக்கிறாள். ஏவலை மீற முடியாமல் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுகிறாள், பிறகு அவன் உயிர்பெறுகிறான். தமிழ்நாட்டிலும் இந்தக் கூத்து இருக்கிறது. ஆனால் மலையகத்தில் அது தங்கிப் படர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டென்று நான் நம்புகிறேன். மேலேயிருப்பவர்கள் சொன்ன வேலைக்குப் போய், வேறொருவருடைய கோபத்தில் எரிந்தவனின் கதை அது. போகாதே என்று சொல்லியும் அனுப்பிவைத்துவிட்டு நிற்கிறவளின் கதை. எங்கள் பெண்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரதி வேடம் கட்டிய ஆண் பிள்ளை ஒப்பாரி தொடங்கினால், சுற்றி நிற்கும் அக்காமாரும் அத்தைமாரும் அவனோடு சேர்ந்து அழுவார்கள். யாருக்காக அழுகிறார்கள் என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

மாசி வளர்பிறையில் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பும் வைக்கோல் பிரியும் சுற்றிய கம்பம். அன்றிலிருந்து வேடம் கட்டுகிறவர்கள் விரதம். பெட்ரோமக்ஸ் வெளிச்சத்தில் ஒவ்வொரு இரவும் ஆட்டப் பழக்கம். பௌர்ணமியை ஒட்டித் தகனம். அந்தக் கடைசி இரவில் மதனும் ரதியும் பொட்டலோடு நிற்பதில்லை. லயம் லயமாக வருவார்கள். வாசலில் தண்ணீர் தெளித்து, ஆரத்தி எடுத்து, வீட்டுக்காரர்கள் வரவேற்க வேண்டும். தூதன் ஓடி வருவான், வீரபத்திரன் ஆடி வருவான், பிள்ளைகள் பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிவார்கள். விடியும்வரை தோட்டம் முழுவதும் மேடை. பகலில் கங்காணியின் அதட்டலும் கணக்குப்பிள்ளையின் பேனாவும் ஆண்ட பாதைகளில் அன்று இரவு எங்கள் தெய்வங்கள் நடந்தார்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இப்படித்தான் தோட்டங்களை விழிக்கவைத்தன. அவற்றைப் பற்றித் தனியே பேச வேண்டும், இன்று நேரம் போதாது.

செலவு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். கோயில் சந்தாவைப் பல தோட்டங்களில் சம்பளக் கணக்கான செக்ரோலிலேயே பிடித்தார்கள். ஒரு நாள் பேருக்குக் கைக்குக் கிடைத்த சம்பளத்தை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஒரு பங்கை எடுத்து அந்தச் சனங்கள் தங்கள் கலைக்குக் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய அறக்கட்டளை எனக்குத் தெரியாது.

பொட்டலை நான் சொர்க்கமாகக் காட்டப் போவதில்லை. லயங்களைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், பொட்டலிலும் அந்தப் பிரிவு வந்து நின்றது. தப்பு இல்லாமல் காமன் இல்லை. ஆனாலும் தப்படித்த என் அப்பாவுக்குச் சில வாசல்களில் தேத்தண்ணி தனிக் கோப்பையில்தான் வந்தது. மதன் வேடம் யாருக்கு, சிவன் வேடம் யாருக்கு என்பதில் சண்டைகள் நடந்தன. நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வந்தபோது, அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் ஓர் ஆசிரியை கேட்டார். தோட்டத்தில் வேலை என்று சொன்னேன். தப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சாவு வீட்டுத் தப்புச் சத்தம் ரோட்டில் கேட்டபோது மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கு இந்த மேடையில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனிக் கரிபியனுக்கு வருகிறேன். நம்முடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்த அதே நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களுக்காக இன்னொரு கூட்டம் கப்பலேறியது. 1838இல் கயானாவுக்கு, 1845இல் டிரினிடாடுக்கு, 1854இல் பிரெஞ்சுக்காரரின் குவாதலூப் தீவுக்கு முதற் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏறியவர்களில் தமிழர் ஏராளம். மொழி அவர்களிடமிருந்து கழன்றுபோயிற்று. தப்பு கழன்றுபோகவில்லை. கயானாவில் காளியம்மன் வழிபாட்டில் அடிக்கும் பறைக்கு இன்றும் தப்பு என்றுதான் பெயர். பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தப்பு என்றே சொல்கிறார்கள். குவாதலூப்பில் வேடம் கட்டி இரவில் ஆடும் கூத்துக்கு நாத்ரோன் என்று பெயர். நாடகம் என்ற நம்முடைய சொல்தான் அங்கே போய் அப்படித் திரிந்திருக்கிறது. தமிழில் ஒரு வாக்கியம் பேச முடியாதவர்கள் தமிழ்க் கூத்தை ஆடுகிறார்கள். இதை முதன்முதலில் அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிரினிடாடில் கேளிக்கை நகரத்தை உருவாக்கிய கதை இரத்தமும் கலந்தது. அடிமைத்தளை அறுந்த ஆபிரிக்க மக்கள் தீப்பந்தமும் பறையுமாகப் போர்ட் ஒப் ஸ்பெயின் தெருக்களில் கார்னிவலைக் கொண்டாடினார்கள். 1881இல் பொலிஸ் அதைத் தடுக்க வந்தது, தெருவில் மோதல் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பறைக்குத் தடை வந்தது. 1884 அக்டோபர் 30ஆம் திகதி, சான் பெர்னாண்டோ என்ற ஊரில், முஹர்ரம் ஊர்வலத்தில் தோட்டங்களிலிருந்து வந்த இந்தியத் தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டார்கள். அந்த ஊர்வலத்தில் முஸ்லிம்களோடு இந்துக்களும் இருந்தார்கள். நகருக்குள் நுழையக் கூடாது என்ற உத்தரவை மீறியதுதான் அவர்கள் செய்த குற்றம். பலர் மாண்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். தோட்டக்காரன் தோட்டத்தில் ஆடட்டும், நகரத்துக்குள் பறையோடு வரக்கூடாது என்ற எண்ணத்துக்கு எவ்வளவு வயது என்று பாருங்கள்.

தோற்பறையைப் பறித்தபோது அந்த மக்கள் மூங்கிலைத் தரையில் குத்தி ஒலி எழுப்பினார்கள். பிறகு தகர டப்பாக்களைத் தட்டினார்கள். 1930களிலும் 40களிலும் அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டீல்பான், எண்ணெய் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் பதமாகத் தட்டி ஸ்வரம் எடுக்கும் வாத்தியம். தொடக்கத்தில் அதைத் தொட்ட இளைஞர்களை ரவுடிகள் என்றார்கள். இன்று அந்நகரத்தின் ஒவ்வொரு பேட்டைக்கும் தன் வாத்தியக் குழுவும் அது கூடிப் பழகுவதற்கு ஒரு முற்றமும் இருக்கின்றன. நகரத்தின் நடுவே சவானா என்ற பெருந்திடல் இருக்கிறது, கார்னிவல் அங்கே வந்து சேர்கிறது. 1992இல் ஸ்டீல்பானைத் தேசிய வாத்தியமாக அறிவித்தார்கள். முற்றமும் திடலும் கையைவிட்டுப் போகாததால் அந்தக் கலை கையைவிட்டுப் போகவில்லை.

நம் பக்கத்திலும் கேளிக்கையை ஆயுதமாகப் பிடித்தவர்கள் இருந்தார்கள். 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியபோது, அவருடைய துணைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சட்டத்தையும் உரிமையையும் பாட்டில் வைத்துக் கொடுத்தார். அவருடைய பாடல் தொகுப்பு 1940இல் சிறு புத்தகமாக வந்தது. பேச்சாளர் போய்விடுவார், பாட்டு லயத்திலேயே தங்கிவிடும். துரைமார் பேச்சை நிறுத்தலாம், கொழுந்து எடுத்துக்கொண்டே ஒரு பெண் முணுமுணுக்கிற மெட்டை நிறுத்த முடியாது. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலைமலையாக அலைந்து மக்கள் பாடல்களைத் திரட்டியதும் இந்த உண்மையை அறிந்ததனால்தான்.

பட்டணத்துக் கேளிக்கை எங்களுக்கு எப்போது திறந்தது? ரயில் பதுளைக்கு 1924இல் வந்தது. ஆனால் நான் அறிந்த காலத்தில், சம்பளம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் பட்டண நாள். ஆண்களில் ஒரு பகுதி தவறணையோடு நின்றுவிடும். அந்தத் துயரத்தை இங்கே உள்ள பெண்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மற்றவர்கள் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ படம் பார்க்கப் போவார்கள். தெருவில் தோட்டக்காட்டான் என்று ஏசியவர்களோடு ஒரே இருட்டில், ஒரே திரைக்கு முன்னால், கலரி டிக்கெட் வாங்கி உட்கார்ந்தோம். 1917இல் கண்டியில் பிறந்தவர் என்பதால் எம்.ஜி.ஆர். எங்கள் ஊர்ப் பிள்ளை என்று அப்பா உறுதியாகச் சொல்வார். 1965இல் அவர் சரோஜா தேவியோடு இலங்கைக்கு வந்தபோது தூரத்திலிருந்து தலையைப் பார்த்தவர்கள்கூட வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரையில் எங்களையே பார்க்க இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1975இல் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ வந்தது, மலையகத் தொழிலாளரைப் பற்றிய படம். எழுதியவர் இந்தப் பதுளை மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப். லயமும் கொழுந்துக் கூடையும் திரையில் வந்தபோது என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கமா, மகிழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

வானொலியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தலைமுறை என்னை மன்னிக்காது. இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் ஒரு ஆணியில் டிரான்சிஸ்டர் தொங்கும். பட்டரி தளர்ந்தால் தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்களுக்குச் சித்தப்பா, மாமா குரல்கள் மாதிரி. பாட்டுக் கேட்டு நேயர்கள் போஸ்ட்கார்ட் போடுவார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராக, ஊரோடு சேர்த்து வாசிப்பார். பூனாகலை என்ற சொல் கொழும்பிலிருந்து காற்றில் வந்து எங்கள் இஸ்தோப்பில் விழும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று கணக்குப் பார்த்துப் பிரித்தது. எந்த நாட்டுப் பதிவிலும் இல்லாத பெயரை இந்த நாட்டின் வானொலி மரியாதையோடு வாசித்தது. அந்தச் சில நொடிகளில் நாங்கள் இந்நாட்டு மக்களாக இருந்தோம். பாட்டு எதுவென்பது பலருக்கு முக்கியமில்லை. பெயர் வந்ததா என்பதுதான் பேச்சு.

ஒப்பந்தம் பொட்டலையும் பிரித்தது. ரதி வேடம் கட்டியவர் கப்பலேறினார், அடுத்த ஆண்டு கூத்து வாத்தியார் போனார். பாடல் ஏடு யாருடைய டிரங்குப் பெட்டியிலோ தலைமன்னாரைத் தாண்டியது. மிஞ்சியவர்கள் நினைவிலிருந்து ஆடினார்கள், நடுவில் அறுந்த இடங்களைச் சினிமா மெட்டால் தைத்தார்கள். அதைக் கலப்படம் என்று ஆய்வாளர்கள் குறை சொல்வதுண்டு. கிழிந்த சேலையைக் கிடைத்த நூலால் தைத்தவளை நான் குறை சொல்லமாட்டேன். 1983 ஜூலையில் இந்தப் பதுளை நகரத்திலேயே தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு பல காலம் இரவுப் படத்துக்கு யாரும் பட்டணம் போகவில்லை. தப்புச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து சில ஆண்டுகள் மெதுவாக அடித்தார்கள். மெதுவாக அடிப்பதற்கு என்று தப்பில் ஓர் அடி கிடையாது.

ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. தோட்டத்துக்கு டீ.வீ. வந்தபோது பல லயங்களில் கரண்ட் இல்லை. கார் பட்டரியைத் தோளில் சுமந்து போய்ப் பட்டணத்தில் சார்ஜ் ஏற்றி வருவார்கள். வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, கல்யாண வீட்டில் இரவு முழுக்கப் படம் போடுவார்கள். அப்போதும் அது பொட்டல்தான். ஒரு பெட்டி, ஒரு லயம், வாசல் நிறையத் தலைகள். பிறகு ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு பெட்டி, கூரைக்கு ஒரு டிஷ் என்றாயிற்று. சென்னையிலிருந்து நாடகங்கள் வந்தன. கொழுந்து மலையில் பெண்களின் பேச்சு, அடுத்த லயத்துக் கதையிலிருந்து அந்த நாடகக் கதைக்கு மாறியது. காம்பராவின் கதவு சாத்திக்கொண்டது அப்போதுதான்.

பெண்கள் விஷயத்தில் நான் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பழைய பொட்டலில் எங்கள் பெண்கள் ஓரத்தில் நின்றவர்கள். பகலெல்லாம் கொழுந்து, மாலையில் அடுப்பு, இரவில் கண் விழித்துக் கூத்து, விடிந்தால் மறுபடியும் பிரட்டு. ரதியாகவும் ஓர் ஆணே நின்றான். அவர்களுக்கென்று இருந்தது கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும். டிரினிடாடில் கல்யாணத்துக்கு முந்திய நாள்களில் ஓர் இரவு இந்தியப் பெண்கள் தனியே கூடி, ஆண்களை அனுமதிக்காமல் பாடி ஆடுவார்கள். அந்த முற்றத்துப் பாட்டும் சேர்ந்துதான் பிற்பாடு சட்னி என்ற மேடை இசையானது, நாட்டையே ஆட்டியது. பெண்கள் பொது மேடையில் இப்படி ஆடலாமா என்று அங்கேயும் பெரிய சண்டை நடந்தது. நம் கும்மிக்கு அப்படி மேடை கிடைக்கவில்லை. வேலை முடிந்து கால் நீட்டி உட்கார்ந்து பார்க்க ஒரு நாடகம் கிடைத்தபோது எங்கள் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஓய்வென்று வேறு எதை நாம் கொடுத்தோம்?

கைப்பேசி வந்த பிறகு காம்பராவுக்குள்ளும் ஆளுக்கொரு காம்பரா. ஆனால் 2023இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னைத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி ஒன்றில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி பாடினாள். லயத்திலே வளர்ந்த பிள்ளை. மலையகம் முழுவதும் அவளுக்காக உட்கார்ந்தது. எங்கள் ஊரில் அன்று ஒரே வீட்டுத் திண்ணையில் இருபது பேர் கூடினார்கள், தங்கள் வீட்டிலும் பெட்டி இருந்தும். தனியே பார்க்க மனம் வரவில்லை என்று ஓர் அக்கா சொன்னார். சனங்களுக்கு இன்னும் பொட்டல் வேண்டியிருக்கிறது என்று நான் நம்புவதற்கு அந்தத் திண்ணை போதும்.

ஆனால் பொட்டல் எங்கே? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச் 19ஆம் திகதி இரவு எங்கள் பூனாகலை கபரகலையில் மண் இறங்கியது. அங்கிருந்து வெளியேறியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் குடித்தனம் நடத்தினார்கள். கொழுந்து வாட்டிய கட்டடத்தில் துணித் தடுப்புக் கட்டிப் பிள்ளை வளர்த்தார்கள். மண்ணோடு போனது வீடு மட்டுமில்லை. சரிவான மலையில் மட்டமான நிலம் அரிது. கோயில் முன்னாலும் லயத்தின் தொங்கலிலும் கிடந்த அந்தச் சிறு மட்டங்கள்தான் பொட்டல்கள். புது வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்றார்கள், பிறகு 10 பேர்ச் என்றார்கள். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு, காணி உறுதி: இதற்காக இரண்டு தலைமுறை போராடியது, ஒரு பேர்ச்சைக்கூட விட்டுக்கொடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த வரைபடங்களில் வீடு இருக்கிறது, பாதை இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காமன் ஊன்ற ஓரிடம் இல்லை. வெள்ளைக்காரன் விட்ட குறையை நம்முடைய திட்டமும் விடலாமா? வரைபடம் போடுகிற பொறியியலாளர்கள், பிரதேச சபை உறுப்பினர்கள், அமைச்சு அதிகாரிகள் யாராவது இந்தப் பேச்சின் அச்சுப் பிரதியை வாசித்தால் அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு குடியிருப்பிலும் 20 பேர்ச் மட்டமான நிலத்தை யாருக்கும் கொடுக்காமல் விடுங்கள். மேடை கட்டித் தர வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். வெறுந்தரையாக விட்டால் போதும், மிச்சத்தைச் சனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சென்ற மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். புதுக் குடியிருப்பில் கம்பம் ஊன்ற இடம் தேடி, கடைசியில் தண்ணீர்த் தொட்டி வளைவில், ரோட்டின் ஓரத்தில் ஊன்றியிருந்தார்கள். ரதி வேடம் கட்டிய பையன் கொழும்பில் துணிக்கடையில் வேலை, மூன்று நாள் லீவில் வந்திருந்தான். பாட்டு மறந்த இடங்களைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்ததைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டான். தப்படித்தவர்களில் இருவர் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிற மாணவர்கள். அவர்களில் ஒருத்தி பெண் பிள்ளை. அவளுடைய தப்பைக் கையில் வாங்கி நெருப்புக்கு நேரே பிடித்தேன். முழங்கையை மடக்கினேன். எவ்வளவு நேரம் பிடிக்கவேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

தகனத்துக்குக் கம்பத்தில் நெருப்பு வைக்கிற நேரம், கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஒரு லொறி ஏறி வந்தது. ரோடு முழுவதும் சனம். டிரைவர் சிங்களத் தம்பி ஒருவர். ஹோர்ன் அடிப்பார் என்று நினைத்தோம். இஞ்சினை நிறுத்தினார், ஹெட்லைட்டை அணைத்தார், இறங்கி வந்து கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்பம் எரிந்து முடியும்வரை நின்றார்.